பிசிஆர் நெகட்டிவ் வந்த இறால் குஞ்சு, 47-ஆம் நாளில் வெள்ளைப்புள்ளி நோய்: எங்கே தவறியது?

உப்புக்காற்று கேட்டது:

வணக்கம். இரண்டு குளத்தில் வனாமி இறால் வளர்க்கிறேன். இது எனக்கு மூன்றாவது சுற்று. ஒரு குளம் நான்கே நாளில் போய்விட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எந்த இடத்தில் கோட்டை விட்டேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குஞ்சு இறக்கிய 45-ஆம் நாள் இரவு நல்ல மழை. மறுநாள் தட்டில் வைத்த தீவனம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. இறால் நல்ல பசியில் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். 47-ஆம் நாள் காலைத் தட்டைத் தூக்கினால் பாதித் தீவனம் ஊறிப்போய் அப்படியே கிடக்கிறது. கரையை ஒட்டி நான்கு இறால் மேல்மட்டத்தில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. கையை நீட்டினேன், தப்பி ஓடவில்லை. எடுத்துப் பார்த்தால் உடம்பு லேசாகச் சிவந்திருக்கிறது, குடல் காலி. தலை ஓட்டை விரலால் தள்ளியதும் கழன்று வந்துவிட்டது. புள்ளி எதுவும் கண்ணில் படவில்லை. ஓட்டைக் கழுவி வெயிலுக்கு நேராகப் பிடித்தபோதுதான் தெரிந்தது, உள்பக்கம் குண்டூசித் தலை அளவில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். நகத்தால் சுரண்டினேன், போகவில்லை.

அடுத்த நாள் கரையோரம் ஒதுங்கியவை இருநூறுக்கு மேல். அதற்கு அடுத்த நாள் நான் எண்ணவில்லை. சராசரி 8 கிராம்தான் இருந்தது.

குஞ்சு வாங்கும்போது ஹேச்சரியில் (குஞ்சு பொரிப்பகத்தில்) பிசிஆர் தாள், அதாவது வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனையின் முடிவு, கொடுத்தார்கள். வெள்ளைப்புள்ளி வைரஸ் 'கண்டறியப்படவில்லை' என்று அதில் இருக்கிறது. அதை நம்பித்தான் இறக்கினேன். சாகக் கிடந்த இறாலை நானே ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். அங்கே முதல் கட்டத்திலேயே பாசிட்டிவ்.

அப்படியானால் முதல் தாள் பொய்யா? இல்லை, தண்ணீரில் வந்ததா? இரண்டாவது குளம் ஒரு வரப்பு தள்ளித்தான் இருக்கிறது. இன்று 53-ஆம் நாள், நன்றாகத் தின்கிறது. அதை இப்போதே சோதித்துவிடலாமா? எத்தனை இறால், எந்தப் பாகம் அனுப்ப வேண்டும்? கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரி ஒன்று இருக்கிறது, குளக்கரையிலேயே பார்த்துவிடலாம் என்கிறார்கள். அது போதுமா? மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.


வரப்போரம் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று செய்யுங்கள். செத்த குளத்தில் போட்ட வீச்சுவலை, தட்டு, வாளி எதுவும் அடுத்த குளத்துக்குப் போகக்கூடாது. ஆளும் அப்படித்தான், இரண்டாவது குளத்தை முதலில் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். செத்த குளத்தின் மதகைத் திறந்துவிடாதீர்கள். குளோரின் போட்டு, தண்ணீரை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகுதான் வெளியேற்ற வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதே தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள்.

மழையைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அது முக்கியம். தண்ணீர் 32 டிகிரிக்கு மேல் நிற்கும் நாட்களில் வெள்ளைப்புள்ளி பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஒரே இரவில் குளிர்ந்து, உப்பும் இறங்கினால் கிளம்பிவிடும். அதனால் மழை நோயைக் கொண்டுவந்தது என்று நினைக்காதீர்கள், உள்ளே ஏற்கனவே இருந்ததை எழுப்பிவிட்டது.

எப்போது உள்ளே வந்தது என்பதற்கு என் அனுபவத்தில் நண்டைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். கரையில் வளை இருக்கிறதா பாருங்கள். நண்டுக்கு இந்த வைரஸ் இருக்கும், ஆனால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், சாகாது. செத்த இறாலைப் பறவை தூக்கிக்கொண்டு போய் அடுத்த குளத்தில் நழுவவிடுவதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே மூலையில் கொக்கும் நீர்க்காகமும் கூடினால், தட்டைப் பார்ப்பதற்கு முன்பே நான் அந்த மூலைக்குப் போய்விடுவேன். சோர்ந்த இறாலை நம்மைவிட அவை சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

சோதனை பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


நுண்குழாய் எழுதியது:

தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. 11 வருடம் இறால் நோய் ஆய்வுக்கூடத்தில் பிசிஆர் மேசையில் இருந்தவள் நான். உங்கள் கையில் இருப்பது மாதிரியான தாள்களில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தத் தாள் பொய் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். சோதனைக் குழாய்க்குள் போன குஞ்சுகளுக்கு மட்டும்தான் அந்தத் தாள் சாட்சி. உங்கள் குளத்துக்குப் போன லட்சக்கணக்கான குஞ்சுகளுக்கு அது சாட்சி சொல்ல வேண்டுமானால், எத்தனை குஞ்சை எடுத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்கு ஒன்றும் பெரிதில்லை. நூற்றுக்கு 2 குஞ்சில் வைரஸ் இருக்கிறது என்று வையுங்கள். அதிலிருந்து 10 குஞ்சை அள்ளினால், பத்துமே சுத்தமாக அமைந்துவிட 82 சதவீதம் வாய்ப்பு உண்டு. 0.98-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், அதுதான் வரும். அதாவது வைரஸ் இருக்கிற தொட்டிக்கு ஐந்தில் நான்கு முறை 'கண்டறியப்படவில்லை' என்று தாள் போகும். மேசையில் யாரும் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார்கள். 150 குஞ்சு எடுத்தால்தான் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். 150 என்ற எண்ணை எல்லாரும் சொல்வது இதனால்தான். 2 சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு லட்சம் குஞ்சில் அது 2,000 குஞ்சு, ஒரு குளத்தைக் காலி செய்ய அது தாராளம். ஆயிரத்தில் ஒன்றுக்குத்தான் வைரஸ் என்றால் 150 எடுத்தாலும் 86 சதவீதம் நம் கைக்குச் சிக்காமல் போய்விடும்.

அடுத்தது, எந்தப் பாகம். இதில்தான் நான் அதிகம் வருத்தப்பட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒருவர் ஒரு புட்டி கொண்டுவந்தார். குளத்தில் இறால் விழுகிறது, சீக்கிரம் பாருங்கள் என்றார். புட்டிக்குள் பழுப்பாகக் கூழ் மாதிரி இருந்தது. என்னவென்று கேட்டேன். நோய் லிவரில்தானே இருக்கும், பத்து இறாலின் லிவரை மட்டும் பிரித்து எடுத்து வந்திருக்கிறேன் என்றார். பாவம், அவ்வளவு கவனமாகச் செய்திருந்தார். நான் பிசிஆர் ஓட்டினேன், நெகட்டிவ் வந்தது. முடிவை எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை. வீட்டில் ஐஸ்பெட்டியில் முழு இறால் இருக்கிறதா என்று கேட்டு வரவழைத்தேன். அதில் வயிற்றுப் பக்கத்து நீந்துகாலை மட்டும் வெட்டி மறுபடி ஓட்டினேன். டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லைப் புறஊதா விளக்கின் மேல் வைத்ததும் முதல் கட்டத்திலேயே 1,447 அளவில் வைரஸின் கோடு ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று நின்றது, பக்கத்தில் ஒப்பிட வைத்திருந்த, வைரஸ் உள்ள பாசிட்டிவ் கட்டுப்பாட்டைவிடத் தடிமனாக. அதே இறால்கள், அதே நாள், அதே நான். வெட்டிய இடம்தான் வேறு.

காரணம் இதுதான். வெள்ளைப்புள்ளி வைரஸ் செவுள், நீந்துகால், ஓட்டுக்கு அடியிலுள்ள தோல், இரைப்பைச் சுவர், இரத்தம் இவற்றில் பெருகும். நாம் லிவர் என்று சொல்கிற கல்லீரல்-கணையமும் நடுக்குடலும் கருவில் வேறொரு அடுக்கிலிருந்து வருபவை, அங்கே இந்த வைரஸ் குடியேறுவதில்லை. கண்ணையும் அனுப்பக்கூடாது. இறாலின் கூட்டுக்கண்ணில் உள்ள பொருள்கள் பிசிஆர் வினையையே முடக்கிவிடும். ஒரு சென்டிமீட்டர் நீளம் வந்த குஞ்சில் கண் ஒரு கரும்புள்ளிதான், அதை ஊசி முனையால் நீக்கிவிட்டுத்தான் அரைப்போம். நூறு, நூற்றைம்பது குஞ்சுக்கு இதைச் செய்து முடிக்கும்போது கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆனாலும் விடமாட்டோம்.

தாளில் இன்னொன்றையும் பாருங்கள். இறாலின் சொந்த மரபணுவை வைத்து ஓட்டிய உள்கட்டுப்பாடு என்று ஒரு வரி இருக்கிறதா? அது பாசிட்டிவாக வந்திருந்தால்தான் வைரஸுக்கு வந்த நெகட்டிவுக்கு அர்த்தம் உண்டு. டிஎன்ஏ கெட்டுப்போயிருந்தாலோ, கண் மாதிரி எதாவது கலந்து வினை நின்றுபோயிருந்தாலோ ஜெல்லில் வைரஸ் கோடு வராது. அது வைரஸ் இல்லாததால் வந்த வெறுமையா, வினையே ஓடாததால் வந்த வெறுமையா என்று உள்கட்டுப்பாடு இல்லாமல் பிரிக்கவே முடியாது. இந்த வரி இல்லாத தாளை நான் ஒரு தாளாகவே மதிக்க மாட்டேன்.

உங்கள் ஆய்வுக்கூடம் 'முதல் கட்டத்திலேயே' என்று சொன்னதற்கும் அர்த்தம் இருக்கிறது. இரண்டு கட்டப் பிசிஆரில் முதல் ஓட்டத்தில் 1,447 அளவுத் துண்டு கிடைக்கும். அதையே மறுபடி உள்ளே வைத்து ஓட்டினால் 941 அளவுத் துண்டு. முதல் ஓட்டத்திலேயே தெரிந்தால் வைரஸ் குவிந்து கிடக்கிறது என்று பொருள். இரண்டாவதில் மட்டும் தெரிந்தால் கொஞ்சமாக இருக்கிறது, இறால் வெளியே சுகமாகத் தெரியலாம். ரியல்-டைம் பிசிஆர் என்றால் சிடி என்று ஓர் எண் வரும், கொரோனா காலத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். எண் குறையக் குறைய வைரஸ் அதிகம், ஏறத்தாழ 3.3 குறைந்தால் பத்து மடங்கு.

இரண்டாவது குளத்தை இப்போதே சோதியுங்கள், தள்ளிப்போடாதீர்கள். 60 இறால் எடுத்தால், நூற்றுக்கு 5 பாதித்திருந்தாலும் கண்டுபிடிக்க 95 சதவீதம் வாய்ப்பு உண்டு. வலையை நடுவில் வீசி நல்லதாகப் பார்த்து எடுக்காதீர்கள். கரையோரம், மூலை, தட்டுக்கு அடி, எது சோர்ந்திருக்கிறதோ அது. கொல்ல வேண்டியதே இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு நீந்துகாலை வெட்டி எடுத்துக்கொண்டு மறுபடி விட்டுவிடலாம். ஒரு இறாலுக்கும் அடுத்ததுக்கும் இடையில் கத்தரியைத் துடைத்து நெருப்பில் காட்டுங்கள். 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள், மாதிரியைப் போலப் பத்து மடங்கு ஆல்கஹால் இருக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டால் பிசிஆருக்கு உதவாது. ஐந்து ஐந்தாகப் பன்னிரண்டு குழாயில் போட்டால் போதும். முப்பதை ஒரே குழாயில் திணித்தால் கொஞ்சமாக இருக்கிற வைரஸ் நீர்த்துப்போகும்.


உப்புக்காற்று எழுதியது:

அக்கா, தாளை எடுத்துப் பார்த்தேன். 'மாதிரி: 1 பை' என்று மட்டும் இருக்கிறது. எத்தனை குஞ்சு என்று எங்கேயும் இல்லை. உள்கட்டுப்பாடு என்ற வரியும் இல்லை. இத்தனை நாளும் கடைசி வரியை மட்டும்தான் படித்திருக்கிறேன்.

நாளைக் காலையே 60 இறாலில் எடுக்கிறேன். அண்ணன் சொன்ன மாதிரி கரையைச் சுற்றி வந்தேன், இரண்டு குளத்துக்கும் நடுவரப்பில் ஒன்பது வளை இருக்கிறது. ஹேச்சரியில் எஸ்பிஎஃப் தாய் இறால் என்றும் சொன்னார்கள், அதற்கு நோயே வராது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப்புள்ளி மட்டும் பார்த்தால் போதுமா?


தட்டுப்பார்வை எழுதியது:

பட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், நான் நான்கு சுற்றாகப் பயன்படுத்துகிறேன். செவுளையோ நீந்துகாலையோ கூட வரும் திரவத்தில் நசுக்கி, சில சொட்டு விட்டால் பதினைந்து இருபது நிமிடத்தில் கோடு தெரியும். வைரஸின் மேலுறையில் உள்ள விபி28 என்ற புரதத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடி அதில் இருக்கிறது. இறால் விழ ஆரம்பித்த குளத்தில் இது நன்றாக வேலை செய்யும். உடனே அறுவடையா இல்லையா என்று அன்றைக்கே முடிவெடுக்க உதவும். ஆனால் பிசிஆர் மாதிரி இது எதையும் பெருக்கிக் காட்டுவதில்லை, இருப்பதை மட்டும்தான் பார்க்கும். அதனால் கொஞ்சமாக வைரஸ் சுமக்கிற குஞ்சில் ஒற்றைக் கோடுதான், அதாவது நெகட்டிவ்தான் வரும். குஞ்சு வாங்கப் பட்டையை நம்பாதீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் லேம்ப் என்று ஒரு முறை இருக்கிறது. பிசிஆருக்கு வெப்பத்தை ஏற்றி இறக்கும் இயந்திரம் வேண்டும். இதற்கு 60 முதல் 65 டிகிரியில் ஒரே சூடாக ஒரு மணி நேரம் வைத்தால் போதும், குழாய் கலங்குவதையோ நிறம் மாறுவதையோ கண்ணாலேயே பார்க்கலாம். சின்னச் சூட்டுப்பெட்டி இருந்தால் பண்ணை அறையிலேயே செய்யலாம். கை சுத்தம்தான் இதில் எல்லாம். ஓடி முடிந்த குழாயைத் திறந்தீர்களோ, அடுத்த ஒரு மாதத்துக்கு எல்லாமே பாசிட்டிவாக வரும். எங்கள் கூட்டாளி ஒருவர் பண்ணையில் அப்படித்தான் நடந்தது, நல்ல குஞ்சைத் திருப்பி அனுப்பிவிட்டார்.


நுண்குழாய் எழுதியது:

பட்டை பற்றி அவர் சொன்னது அத்தனையும் சரி. அந்தப் பட்டையில் தேடுவதுகூட வைரஸின் புரதத்தைத்தான். மனிதருக்கோ மாட்டுக்கோ நோய் வந்து போனதை இரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியை வைத்துச் சொல்லிவிடலாம். இறாலின் உடம்பு ஆன்டிபாடியே செய்வதில்லை. அதனால் நமக்கு வேறு வழி கிடையாது, வைரஸையே கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும்.

எஸ்பிஎஃப் பற்றி: குறிப்பிட்ட சில நோய்க்கிருமிகள் இல்லாத பரம்பரை என்பதுதான் அதன் பொருள். அந்தப் பட்டியலில் உள்ள கிருமிகள் அந்தக் காப்பகத்துக்குள் இல்லை, அவ்வளவுதான். எதிர்ப்புச் சக்தி என்று அர்த்தம் இல்லை. வெளியே வந்து ஹேச்சரித் தொட்டியில் இறங்கி, உயிருள்ள கடற்புழு வகைத் தீவனத்தைத் தின்ற பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதில் பொருளே இல்லை. அப்புறம், தாய் இறாலை முட்டையிடுவதற்கு முன் சோதித்தார்களா, பின் சோதித்தார்களா என்று கேளுங்கள். முட்டையிடும் அலுப்பில் வைரஸ் பெருகும். முன்னால் நெகட்டிவாக இருந்த தாய் பின்னால் பாசிட்டிவாக வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குஞ்சுக்கும் இதே கதைதான். உப்பைச் சட்டென்று குறைத்து அழுத்தச் சோதனை செய்வார்கள் அல்லவா, அதில் தப்பிய குஞ்சைக் கொஞ்ச நேரம் கழித்துப் பிசிஆருக்கு எடுத்தால் ஒளிந்திருப்பது வெளியே வர வாய்ப்பு அதிகம்.

வெள்ளைப்புள்ளி மட்டும் போதுமா என்றால், போதாது. தீவனம் திடீரென்று அதிகமாகப் போய் மறுநாள் நின்றது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தவுடன் எனக்கு மஞ்சள்தலை நோய்தான் நினைவுக்கு வந்தது. 1990-இல் தாய்லாந்தில் தலைகாட்டிய அந்த நோயில் இறால் வெறிபிடித்த மாதிரித் தின்றுவிட்டு அப்படியே நிறுத்தும், இரண்டு நான்கு நாளில் கும்பலாக விழும். உங்கள் குளத்தில் சோதனை சொன்னது வெள்ளைப்புள்ளி. அறிகுறியை மட்டும் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் நானே தப்பாகச் சொல்லியிருப்பேன். புள்ளியும் அப்படித்தான். வனாமியில் பல சமயம் புள்ளியே வராமல் சிவந்து செத்துவிடும். மாறாக, பாக்டீரியாவாலும் தண்ணீரின் காரத்தன்மையாலும் ஓட்டில் வெள்ளைப்புள்ளி வரும், அதில் இறால் நன்றாகத் தின்றுகொண்டே இருக்கும், கும்பலாகச் சாகாது. அப்படிப்பட்ட குளத்தைப் பயந்து அவசரமாகப் பிடித்தவர்களும் உண்டு. 1992-இல் எக்வடோரில் தௌரா நதிப் பக்கம் கிளம்பியதால் அந்தப் பெயர் பெற்ற தௌரா நோயிலும் உடம்பு சிவக்கும், வால் முதலில் சிவக்கும். 2002-இல் பிரேசிலில் வந்த தசை அழுகல் வைரஸில் வால் தசை வேகவைத்த மாதிரி வெளுக்கும். ஆக்ஸிஜன் குறைந்து தவித்த இறாலுக்கும் தசை அப்படியே வெளுக்கும்.

இவற்றில் மஞ்சள்தலை, தௌரா, தசை அழுகல் மூன்றும் ஆர்என்ஏ வைரஸ். வெள்ளைப்புள்ளிக்கு ஓட்டுகிற சாதாரணப் பிசிஆரில் அவை தெரியவே தெரியாது. முதலில் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றுகிற படி வேண்டும். ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். செத்து வெயிலில் கிடந்த இறாலை அனுப்பி அதற்கு நெகட்டிவ் வாங்குவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை. உயிர் இருக்கும்போது எடுத்து உடனே ஆல்கஹாலில் போட வேண்டும்.

பொய்யான பாசிட்டிவும் உண்டு. கருப்பு இறால் வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐஎச்எச்என் என்ற இன்னொரு இறால் வைரஸின் துண்டுகள் சில கருப்பு இறால்களின் மரபணுவுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு பரம்பரையாக வருகின்றன. அவற்றால் நோய் வராது. ஆனால் எந்தத் துண்டைப் பெருக்க வேண்டும் என்று குறிக்கிற பிரைமரைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் பிசிஆர் பாசிட்டிவ் காட்டும்.

நண்டைச் சோதிக்க நினைத்தால், வெளி ஓட்டை நன்றாகக் கழுவிவிட்டுச் செவுளை எடுங்கள். கழுவாமல் எடுத்தால் குளத்துத் தண்ணீரில் ஒட்டிய வைரஸையும் சேர்த்துக் காட்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. குஞ்சு இறக்கிய அன்று கொஞ்சம் குஞ்சை எடுத்து வைத்தீர்களா?


உப்புக்காற்று எழுதியது:

எடுத்து வைக்கவில்லை அக்கா. அது தோன்றவே இல்லை.

பதினான்கு நாள் கழித்து எழுதுகிறேன். 54-ஆம் நாள் 60 இறாலில் நீந்துகால் எடுத்தேன். நானும் என் தம்பியும், காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து எட்டரை வரை ஆனது. பன்னிரண்டு குழாயும் நெகட்டிவ், உள்கட்டுப்பாடு பன்னிரண்டிலும் வந்திருந்தது. அந்த வரியைத்தான் முதலில் தேடிப் படித்தேன். நடுவரப்பில் பிடித்த ஏழு நண்டின் செவுளைத் தனியாக அனுப்பியிருந்தேன். பாசிட்டிவ்.

வளையை அடைத்து, இரண்டாவது குளத்தைச் சுற்றி வலைவேலி போட்டோம். ஆறு நாள் கழித்து மறுபடி 60 எடுத்தேன். இந்த முறை ஒரு குழாயில் சிடி 33. நீங்கள் தனியாகச் சொன்னபடி, அந்தக் குழாயில் கலந்த ஐந்து இறாலின் மிச்ச நீந்துகாலை ஒவ்வொன்றாக ஓட்டச் சொன்னேன். நான்கு நெகட்டிவ், ஒன்றுக்கு 31. தீவனம் குறையவில்லை, கரையில் ஒன்றுகூட இல்லை, பார்த்தால் அவ்வளவு துடிப்பாக இருந்தது. இன்னும் நான்கு நாளில் மழை என்றார்கள். 62-ஆம் நாள் முழுவதையும் பிடித்துவிட்டேன். சராசரி 12 கிராம். எதிர்பார்த்த அளவு இல்லை, ஆனால் எல்லாம் உயிரோடு கரையேறியது.

நண்டு முதல் குளத்துக்குக் கொடுத்ததா, முதல் குளத்திலிருந்து நண்டு வாங்கிக்கொண்டதா?


நுண்குழாய் எழுதியது:

நல்ல முடிவெடுத்தீர்கள் தம்பி. ஐந்தில் ஒன்று 31, கலந்தபோது 33. மற்ற நான்கும் சுத்தமாக இருந்ததால் ஐந்து மடங்கு நீர்த்திருக்கிறது, கணக்கு அப்படியே பொருந்துகிறது. குழாய் கலப்படத்தால் வந்த பாசிட்டிவ் என்றால் இவ்வளவு ஒழுங்காக அமையாது.

நண்டு கேள்விக்கு இனிப் பதில் கிடைக்காது. குளம் விழுந்த பிறகு பிடித்த நண்டு இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இறக்கிய அன்று எடுத்த குஞ்சு ஒரு புட்டியில் இருந்திருந்தால் அதை ஓட்டியே குஞ்சா, வரப்பா என்று பிரித்திருக்கலாம். அதற்காகத்தான் கேட்டேன். அடுத்த முறை பை பிரிக்கும்போது, தண்ணீரில் விடுவதற்கு முன், 150 குஞ்சுக்குக் குறையாமல் வலையில் அள்ளி ஈரத்தை வடித்துவிட்டு ஆல்கஹாலில் போடுங்கள். மறுநாள் ஒருமுறை ஆல்கஹாலை மாற்றுங்கள், குஞ்சிலிருந்து இறங்கிய தண்ணீரால் அது நீர்த்திருக்கும். தேதி, தொட்டி எண், குளம் மூன்றையும் பென்சிலால் தாளில் எழுதி உள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். அறுவடை முடியும்வரை ஃப்ரீசரில் இருக்கட்டும்.


உப்புக்காற்று எழுதியது:

புட்டி வாங்கிவிட்டேன் அக்கா. பென்சிலும் அதோடு கட்டி வைத்திருக்கிறேன்.